ஏரித் தண்ணீரில் மீன் தேடும் இடிஎன்ஏ சோதனை: முடிவு இடித்தால் எங்கே பார்ப்பது

ஏரியிலோ ஆற்றிலோ வலை போடாமல், ஒரு லிட்டர் தண்ணீரை மட்டும் எடுத்து, மீன்கள் அதில் உதிர்த்த சளி, செதில், கழிவிலிருக்கும் டிஎன்ஏவை வைத்து அங்கே என்னென்ன இனம் இருக்கிறது என்று சொல்வதுதான் சுற்றுச்சூழல் டிஎன்ஏ முறை. புழக்கத்தில் இடிஎன்ஏ. 2008-ல் பிரான்சில் குளத்துத் தண்ணீரை மட்டும் வைத்து அமெரிக்கக் காளைத் தவளை இருப்பதைக் காட்டிய ஆய்வுக்குப் பிறகு இது வேகமாகப் பரவியது. மீன்களுக்கு இன்று அதிகம் பயன்படுவது ஜப்பானில் உருவாக்கப்பட்டு 2015-ல் வெளியான மைஃபிஷ் பிரைமர்கள், அதாவது பெருக்க வேண்டிய துண்டின் இரு முனையிலும் போய் ஒட்டும் சிறு டிஎன்ஏ இழைகள். மைட்டோகாண்ட்ரியாவின் 12எஸ் மரபணுவில் சுமார் 170 டிஎன்ஏ எழுத்து நீளமுள்ள ஒரு துண்டை அவை பெருக்கும்.

இந்தக் குறிப்பு முறையை அறிமுகப்படுத்த அல்ல. தண்ணீர் எடுத்து, வடிகட்டி, பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்குவது), சீக்வென்சிங் (அதன் எழுத்து வரிசையைப் படிப்பது) வரை போய், வந்த முடிவைப் பார்த்துத் தலையைச் சொறிந்துகொண்டிருப்பவர்களுக்கு. ஒரு அளவுகோலை மட்டும் முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மைஃபிஷ் பிரைமர்களை ஒகினாவாவின் சுராவுமி மீன் காட்சியகத்தில், உள்ளே என்னென்ன மீன் என்று முன்பே தெரிந்த தொட்டிகளில் சோதித்தார்கள். 180 இனங்களில் 168 கிடைத்தன. கண்ணாடித் தொட்டியிலேயே 12 இனம் விட்டுப்போயிருக்கிறது. உங்கள் ஏரி முழுப் பட்டியலையும் தரவில்லை என்றால் அது இயல்பு. எது இயல்பு, எது பிழை என்று பிரிப்பதுதான் இங்கே வேலை.

முதலில் பிளாங்க்குகளை வரிசையாக வையுங்கள்

முடிவு விசித்திரமாக வந்ததும் பலரும் முதலில் சந்தேகப்படுவது சீக்வென்சிங் இயந்திரத்தை. பணம் அதிகம் போனது அங்கே என்பதால் கோபமும் அங்கேதான் போகிறது. ஆனால் தவறு பெரும்பாலும் ஏரிக்கரையிலோ, ஐஸ் பெட்டியிலோ, பைப்பெட் பிடித்த மேசையிலோ நடந்திருக்கும். எந்தக் கட்டம் என்று காட்டிக்கொடுப்பவை பிளாங்க் மாதிரிகள்தான், அதாவது மீனே இல்லாமல் ஓட்டும் வெற்று மாதிரிகள். ஆய்வகத்திலிருந்து டிஎன்ஏ இல்லாத தண்ணீரைக் கரைக்கே கொண்டுபோய், அதே பாட்டிலில் ஊற்றி, அதே ஃபில்டரில் வடிகட்டினால் அது கள பிளாங்க். மாதிரியே இல்லாமல் டிஎன்ஏ பிரித்தெடுக்கும் வேலையை மட்டும் செய்தால் எக்ஸ்ட்ராக்‌ஷன் பிளாங்க். பெருக்க வேண்டிய டிஎன்ஏவான டெம்ப்ளேட்டுக்குப் பதில் வெறும் தண்ணீர் போட்டால் பிசிஆர் பிளாங்க். இவற்றோடு நிச்சயம் வேலை செய்ய வேண்டிய ஒரு பாசிட்டிவ் கட்டுப்பாடு, அதாவது டிஎன்ஏ இருப்பது முன்பே தெரிந்த மாதிரி.

பிசிஆர் பிளாங்க் சுத்தம், எக்ஸ்ட்ராக்‌ஷன் பிளாங்க் சுத்தம், கள பிளாங்க்கில் மட்டும் மீன் என்றால் பிழை ஏரிக்கரைக்கும் ஆய்வகக் கதவுக்கும் நடுவில். பிசிஆர் பிளாங்க்கிலேயே மீன் இருந்தால் மற்ற இரண்டும் எதையும் சொல்லாது. அதைச் சரிசெய்யாமல் மேலே போகவேண்டாம். பிளாங்க்கே எடுக்கவில்லையா? அப்படியென்றால் கீழே இருப்பதில் பாதியை உங்களால் சோதித்துப் பார்க்கவே முடியாது. அடுத்த முறையாவது எடுத்துவிடுங்கள்.

தண்ணீர் இறங்கவே இல்லை, ஃபில்டர் அடைத்துவிட்டது

நம்ம ஊர் ஏரி, குளங்களில் இதுதான் முதல் தலைவலி. குளிர்நாட்டுத் தெளிந்த ஏரிகளை வைத்து எழுதிய செய்முறைகள் 0.45 மைக்ரான் துளையுள்ள ஃபில்டரில் ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் என்று சாதாரணமாகச் சொல்லும். பச்சைப் பாசி பூத்த குளத்திலோ, மழைக்குப் பிந்தைய செம்மண் தண்ணீரிலோ அதே ஃபில்டர் இருநூறு மில்லி இறங்குவதற்குள் நின்றுவிடலாம்.

முதலில் செய்யத் தோன்றுவது, பாட்டிலை அசையாமல் வைத்துச் சேறு தெளிந்தபின் மேல் தண்ணீரை மட்டும் வடிகட்டுவது. வேண்டாம். மீனின் டிஎன்ஏ கரைந்த நிலையில் மிதப்பதைவிட செல், செல் துணுக்கு, சளித் துகள் என்ற வடிவில் இருப்பதே அதிகம். சேற்றோடு அதுவும் அடியில் போய்ப் படிந்துவிடும். சேற்றைத் தவிர்க்க முன்னால் ஒரு வலைத்துணி போடுகிறீர்கள் என்றால் அந்தத் துணியையும் தூக்கி எறியாமல் சேர்த்துப் பிரித்தெடுங்கள்.

துளையின் அளவைப் பெரிதாக்குவதே நல்ல வழி. 2014-ல் கெண்டை மீனை வைத்துச் செய்த ஓர் ஆய்வில் அதன் டிஎன்ஏ 1 முதல் 10 மைக்ரான் அளவுத் துகள்களில்தான் அதிகம் இருந்தது. ஆகவே 1.2 அல்லது 3 மைக்ரான் ஃபில்டருக்கு மாறினால் டிஎன்ஏ கொஞ்சம் கூடுதலாகத் தப்பும், ஆனால் பல மடங்கு தண்ணீர் உள்ளே போகும். கணக்குப் பார்த்தால் லாபம். அதுவும் போதாவிட்டால் ஒரே மாதிரியை இரண்டு மூன்று ஃபில்டரில் பிரித்து ஊற்றி, பிரித்தெடுக்கும்போது ஒன்றாகச் சேர்க்கலாம். எந்த வழியானாலும் உண்மையில் எத்தனை மில்லி இறங்கியது என்று உறையின் மேலேயே எழுதுங்கள். ஒரு இடத்தில் 1,000 மில்லி, இன்னொரு இடத்தில் 150 மில்லி வடிகட்டிவிட்டு, இரண்டாவது இடத்தில் இனம் குறைவு என்று முடிவுக்கு வந்த அறிக்கைகள் உண்டு.

பம்பை இன்னும் அழுத்தி இழுப்பதும் தவறு. ஃபில்டர் கிழிந்தால் தண்ணீர் சடாரென்று இறங்கும், வேலை முடிந்துவிட்டது என்று மனம் மகிழும், உள்ளே ஒன்றும் இருக்காது. அடைத்திருந்த ஃபில்டரில் ஓட்டம் திடீரென வேகமெடுத்தால் அந்த மாதிரியைச் சந்தேகப்படுங்கள்.

ஃபில்டரில் அழுக்குப் படிந்திருந்தது, ஆனால் பிசிஆரில் எதுவும் வரவில்லை

இதற்கு மூன்று காரணம் இருக்கலாம்: டிஎன்ஏ வழியிலேயே அழிந்துவிட்டது, டிஎன்ஏ இருக்கிறது ஆனால் பிசிஆர் தடைபடுகிறது, அல்லது உண்மையிலேயே மீன் இல்லை. மூன்றாவதைக் கடைசியாகத்தான் நம்ப வேண்டும்.

தடை இருக்கிறதா என்று பார்ப்பது எளிது, செலவும் கிட்டத்தட்ட இல்லை. பிரித்தெடுத்த டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து, அசலையும் நீர்த்ததையும் பக்கத்துப் பக்கத்தில் கியூபிசிஆரில் (எத்தனையாவது பெருக்கல் சுழற்சியில் டிஎன்ஏ தெரிகிறது என்று அளக்கும் பிசிஆர்) ஓட்டுங்கள். எல்லாம் ஒழுங்காக இருந்தால் நீர்த்தது சுமார் 3.3 சுழற்சி தாமதமாக வரவேண்டும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சுழற்சியில் வந்தாலோ, நீர்த்தது முந்திக்கொண்டாலோ, அசல் வராமல் நீர்த்தது மட்டும் வந்தாலோ, தடைப்பொருள் உள்ளே இருக்கிறது. மக்கிய இலை தழையிலிருந்து வரும் ஹியூமிக் அமிலம், டானின், பாசி நிறமிகள் போன்றவைதான் வழக்கமான குற்றவாளிகள். பிரித்தெடுத்த திரவம் தேநீர் நிறத்தில் இருந்தால் சோதனைக்கு முன்பே ஊகித்துவிடலாம்.

இன்னும் உறுதியாகத் தெரிய, பிசிஆர் தட்டின் ஒவ்வொரு குழியிலும் தெரிந்த அளவு செயற்கை டிஎன்ஏவை அதற்குரிய பிரைமரோடு போட்டு ஓட்டுவார்கள். இது உள் கட்டுப்பாடு. சுத்தத் தண்ணீரில் 28-வது சுழற்சியில் வருவது உங்கள் மாதிரியில் 31-ஐத் தாண்டினால் தடை என்று எடுத்துக்கொள்ளலாம். மைஃபிஷ் போன்ற பொதுப் பிரைமர் வேலைக்கும் மாதிரிகளை ஒருமுறை இப்படிச் சோதித்துவிடுவது நல்லது.

தடை உறுதியானதும் பலர் நீர்த்த மாதிரியையே வைத்து மேலே போய்விடுகிறார்கள். நீர்த்தால் தடைப்பொருள் குறைகிறது, அதே அளவு மீனின் டிஎன்ஏவும் குறைகிறது. அரிதான இனம் காணாமல் போவது இப்படித்தான். நீர்த்தலை நோயறியும் சோதனையாக வைத்துக்கொண்டு, மருந்தாக, தடைப்பொருளைப் பிடித்துக்கொள்ளும் சிறு வடிகுழாயான தடைநீக்கி காலமில் ஒருமுறை சுத்தப்படுத்துங்கள், பிசிஆர் கலவையில் பிஎஸ்ஏ புரதம் சேருங்கள், அல்லது சுற்றுச்சூழல் மாதிரிக்கென்றே செய்த மாஸ்டர் மிக்ஸுக்கு (தயார்நிலைப் பிசிஆர் கலவை) மாறுங்கள். காலமில் கொஞ்சம் டிஎன்ஏ இழப்பு இருக்கும். பத்து மடங்கு நீர்ப்பதைவிட அது பரவாயில்லை.

தடை இல்லை, உள் கட்டுப்பாடு சரியாக வருகிறது, இருந்தும் மீன் இல்லை என்றால் வடிகட்டுவதற்கு முன்னால் என்ன நடந்தது என்று பாருங்கள். தண்ணீரிலிருக்கும் நுண்ணுயிர்கள் பாட்டிலுக்குள்ளும் சாப்பிட்டுக்கொண்டேதான் இருக்கும், வெயில் அவற்றுக்கு உற்சாகம். ஏப்ரல் மாதத்தில் ஜீப்பின் பின்சீட்டில் மதியம் முழுவதும் கிடந்த பாட்டிலில் மிச்சம் இருப்பது கொஞ்சமே. கரையிலேயே வடிகட்டி, ஃபில்டரை எத்தனாலிலோ, டிஎன்ஏவைப் பாதுகாக்கும் லாங்மயர் பஃபர் கரைசலிலோ போட்டுவிடுவது எல்லாவற்றிலும் சிறந்தது. முடியாவிட்டால் ஐஸில் வைத்து அன்றே வடிகட்டுங்கள். அதற்கும் வழியில்லாத நெடும்பயணம் என்றால், ஜப்பானிய ஆய்வுகளில் வழக்கமாகிவிட்ட பென்சால்கோனியம் குளோரைடு இருக்கிறது. 10 சதவீதக் கரைசல் ஒரு மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் விட்டால் இறுதிச் செறிவு 0.01 சதவீதம் வரும், அது போதும். கிருமிநாசினிகளில் வரும் பொருள்தான். ஆனால் கடைப் பாட்டிலை வாங்கி ஊற்றிவிடாதீர்கள், அதில் வாசனையும் நிறமும் வேறு என்னென்னவோ இருக்கும்.

பிளாங்க்கிலும் மீன் வருகிறது

கள பிளாங்க்கில் மட்டும் வந்தால் கரையில் தொட்ட பொருள்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பாருங்கள். தண்ணீர் எடுக்கப் போன பரிசல் காலையில்தான் மீன் பிடித்துவிட்டு வந்திருக்கும். மாதிரி பாட்டில் வைத்த தெர்மாகோல் பெட்டி மீன் கடையில் வாங்கியதாக இருக்கும். ஐஸும் அங்கேயே வாங்கியதாக இருக்கும், அது உருகி மூடியைச் சுற்றி நிற்கும். வாளியின் கயிறு நேற்று வேறு ஏரியில் நனைந்தது. எல்லாம் சாதாரண விஷயங்கள், ஆனால் ஒவ்வொன்றிலும் நீங்கள் தேடும் அதே இனங்களின் டிஎன்ஏ இருக்கும். பாட்டிலை மூடியபின் ஒரு ஜிப் பையில் போட்டு, அதற்குப் பிறகு ஐஸில் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். தண்ணீரில் இறங்குவதானால் ஓட்டத்துக்கு எதிர்த்திசை பார்த்து நின்று, உங்கள் கால் கலக்காத பக்கத்தில் எடுங்கள்.

சுத்தப்படுத்த எத்தனால் துடைப்பை நம்பவேண்டாம். எத்தனால் கிருமியைக் கொல்லும், டிஎன்ஏவை அழிக்காது. நாமே ஃபில்டரைப் பாதுகாக்க அதில்தானே போட்டு வைக்கிறோம். நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவும் டிஎன்ஏவை முழுதாக ஒழித்துவிடாது. பிளீச்தான் வேலைக்காகும். கடைகளில் கிடைக்கும் சுமார் 5 சதவீத ஹைப்போகுளோரைட் கரைசலைப் பத்தில் ஒன்றாக்கி, பொருளைப் பத்து நிமிடம் ஊறவைத்து, பிறகு டிஎன்ஏ இல்லாத தண்ணீரில் நன்றாக அலசுங்கள். அலசாமல் விட்டால் மிச்சமிருக்கும் பிளீச் அடுத்த மாதிரியையும் தின்றுவிடும். பிளாங்க் பளிச்சென்று சுத்தமாக வரும், மாதிரியும் அப்படியே வரும். நீர்த்த பிளீச் சூட்டில் சீக்கிரம் வலுவிழக்கும். அன்றன்றைக்குக் கலக்குங்கள்.

பிசிஆர் பிளாங்க்கிலேயே வந்தால் ஆய்வகம்தான். ஏற்கெனவே பெருக்கிய டியூப்பைத் திறந்த அறையில் புதுக் கலவையைத் தயாரித்திருக்கிறீர்களா? ஒரு பிசிஆர் முடிந்த டியூப்பில் கோடிக்கணக்கான பிரதிகள் இருக்கும். மூடியைத் திறக்கும்போது தெறிக்கும் கண்ணுக்குத் தெரியாத துளி போதும். வேலை ஒரே திசையில் நகர வேண்டும்: கலவை தயாரிக்கும் இடம், டிஎன்ஏ சேர்க்கும் இடம், பெருக்கியபின் திறக்கும் இடம். பின்னதிலிருந்து முன்னதற்கு அதே நாளில் அதே ஆய்வக அங்கியோடு திரும்பி வரக்கூடாது. ஒரே அறைதான் இருக்கிறது என்பவர்கள் குறைந்தபட்சம் ஒரு மூடிய புறஊதா ஒளி (யுவி) பெட்டியும் தனி பைப்பெட்டும் ஒதுக்குங்கள்.

கியூபிசிஆரில் ஒப்பிட்டு அளக்க வைத்திருக்கும், பிரதி எண்ணிக்கை தெரிந்த செயற்கை ஸ்டாண்டர்டை மறந்துவிடாதீர்கள். அந்தக் குட்டி டியூப்தான் உங்கள் ஆய்வகத்திலேயே மிக மோசமான மாசு மூலம். அதை ஆர்டர் செய்யும்போதே நடுவில் சில எழுத்துகளை மாற்றி வாங்கினால், பிளாங்க்கில் வந்ததைச் சீக்வென்ஸ் செய்து அது ஸ்டாண்டர்டா உண்மையான மீனா என்று சொல்லிவிடலாம். இதே காரணத்துக்காக மைஃபிஷ் வேலையின் பாசிட்டிவ் கட்டுப்பாடு அந்தப் பகுதியில் இருக்கவே முடியாத இனமாக இருக்கவேண்டும். இங்கிலாந்தில் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியிலுள்ள சிக்லிட் மீன் ஒன்றை வைத்துக்கொள்கிறார்கள். நமக்கு அது ஆகாது. ஜிலேபி மீனும் சிக்லிட் குடும்பம்தான், நம் ஏரியெல்லாம் ஜிலேபி.

இன்னொரு வகை உண்டு. பிளாங்க் உட்பட எல்லா மாதிரியிலும் ஒரே இனம், ஆனால் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக. அதே சீக்வென்சிங் ரன்னில் ஏதோ ஒரு மாதிரியில் அந்த இனம் கொட்டிக்கிடக்கும். இது கைமாசு அல்ல, சீக்வென்சிங்கின்போது இண்டெக்ஸ் (எந்த மாதிரி என்று காட்ட ஒட்டும் அடையாள டிஎன்ஏ) இடம் மாறுவது. ஒவ்வொரு மாதிரிக்கும் இருபுறமும் தனித்தனி இண்டெக்ஸ் ஜோடி கொடுத்தால் மாறிப்போனவை எந்த மாதிரியோடும் பொருந்தாமல் தானாகவே கழிந்துவிடும். அதைச் செய்திருக்கவில்லை என்றால் பிளாங்க்குகளில் அதிகபட்சம் எத்தனை வந்ததோ அதை வெட்டுக்கோடாக வைத்துக் கீழே உள்ளவற்றை நீக்கலாம். நீக்கியதை அறிக்கையில் சொல்லுங்கள்.

ஊர் நடுவே உள்ள ஏரியில் சாளை, நெத்திலி, வஞ்சரம்

பிளாங்க் எல்லாம் சுத்தம். அப்படியும் நன்னீர் ஏரியில் கடல் மீன் வருகிறது. மாதிரி மாறிவிட்டது என்று பதறவேண்டாம். அந்த டிஎன்ஏ உண்மையிலேயே தண்ணீரில் இருக்கிறது, மீன்தான் இல்லை.

வழிகள் பல. மீன் சந்தை கழுவிய தண்ணீர். வீட்டுச் சாக்கடை, நாம் சாப்பிட்டது நம் வழியாகவும், கழுவிய பாத்திரம் வழியாகவும் ஏரிக்குப் போகிறது. வளர்ப்புக் குளங்களில் போடும் தீவனத்தில் சாளை போன்ற மீன்களை அரைத்த மீன்தூள் இருக்கும். கழிமுகத்தில் மேய்ந்துவிட்டு ஏரி மரத்தில் வந்து அடையும் நாரையும் நீர்க்காகமும் எச்சமிடும்.

எது என்று பிரிக்க ஒரு எளிய தந்திரம் உண்டு. மைஃபிஷ் பிரைமர்கள் மீனோடு நிற்காமல் மனிதன், கோழி, ஆடு, மாட்டையும் கொஞ்சம் பெருக்கும். எல்லோரும் அந்த ரீடுகளை, அதாவது சீக்வென்சிங்கில் படித்து வந்த டிஎன்ஏ வரிசைகளை, குப்பை என்று முதலிலேயே தள்ளிவிடுகிறார்கள். தள்ளாமல் வைத்துக்கொண்டு மாதிரி மாதிரியாகப் பாருங்கள். கடல் மீன் கூடும் இடத்தில் மனிதனும் கோழியும் சேர்ந்தே கூடினால் சாக்கடை என்பது ஏறக்குறைய உறுதி. கடல் மீன் இருந்து அவை இல்லை என்றால் தீவனம், பறவை என்று யோசிக்கலாம். பிறகு கால்வாய் சேரும் இடத்துக்கு மேலும் கீழும் ஒவ்வொரு மாதிரி எடுத்தால் விடை வந்துவிடும்.

ஆற்றில் இன்னொரு சிக்கல், தூரம். 2014-ல் சுவிட்சர்லாந்தின் ஓர் ஆற்றில், ஏரியில் வாழும் நீர்த்தெள்ளுப்பூச்சியின் டிஎன்ஏவை ஏரியிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் கீழேயும் கண்டார்கள். ஆகவே பாலத்தடியில் எடுத்த மாதிரியில் வந்த இனம் பாலத்தடியில்தான் இருக்கிறது என்று எழுத முடியாது. மேலே அணையிலோ, கிளையாற்றிலோ இருக்கலாம். ஏரியில் சேற்றைக் கலக்கிவிட்டு எடுத்தால் தூரத்துக்குப் பதில் காலம் குழம்பும், ஏனென்றால் அடிச்சேற்றில் டிஎன்ஏ தண்ணீரில் இருப்பதைவிட நெடுநாள் தங்கும்.

நேற்று வலையில் பார்த்த மீன் பட்டியலில் இல்லை

மீனவர் விரால் பிடித்ததை நீங்களே பார்த்தீர்கள். அயிரை கையளவு கிடந்தது. சீக்வென்சிங்கில் இரண்டும் இல்லை. இந்த அறிகுறிதான் முறையின் மேல் இருக்கும் நம்பிக்கையை அதிகம் குலைக்கிறது, காரணமும் பெரும்பாலும் நாம் எதிர்பாராத இடத்தில் இருக்கிறது: ஒப்பிட்டுப் பார்க்கும் தரவுத்தளத்தில்.

உலகெங்கும் விலங்குகளுக்கு டிஎன்ஏ பார்கோடு (இனத்தை அடையாளம் காட்டும் துண்டு) எடுக்கும் வேலை 2003-க்குப் பிறகு சிஓஐ என்ற மரபணுவை மையமாக வைத்தே நடந்தது. இந்திய மீன்களுக்கும் அப்படித்தான். மைஃபிஷ் படிப்பது 12எஸ். ஒரு மீனுக்கு சிஓஐ பதிவு பத்து இருந்து 12எஸ் பதிவு ஒன்றுகூட இல்லாமல் இருப்பது சாதாரணம், குறிப்பாக மேற்குத் தொடர்ச்சி மலையின் சிற்றினங்களில். அப்போது அந்த மீனின் ரீடுகள் உங்கள் கோப்பில் இருக்கும். பெயர் மட்டும் இல்லாமல், அல்லது நெருங்கிய உறவினரின் பெயரில். ஆகவே முதல் வேலை, எதிர்பார்க்கும் இனங்களின் பட்டியலை எழுதி, ஒவ்வொன்றுக்கும் அந்த 12எஸ் துண்டு ஜென்பேங்க், மிட்டோஃபிஷ் தரவுத்தளங்களில் இருக்கிறதா என்று பார்ப்பது. இதைச் சோதனைக்கு முன்பே செய்திருக்க வேண்டும், யாரும் செய்வதில்லை. இல்லாத இனத்துக்கு, மீன்களை நன்றாக அடையாளம் தெரிந்த ஒருவர் உறுதிசெய்த மீனிலிருந்து துடுப்பில் ஒரு துணுக்கு வெட்டி, ஒரு துண்டை மட்டும் படிக்கும் சாங்கர் சீக்வென்சிங் முறையில் நீங்களே படித்துச் சேர்த்துக்கொள்ளலாம். அதைப் பொதுவில் பதிவேற்றினால் அடுத்தவருக்கும் இந்தத் தொல்லை இருக்காது.

தரவுத்தளத்தில் இருக்கிறது, அப்படியும் வரவில்லையா? அப்போது மாதிரி எண்ணிக்கை. ஒரு பாட்டிலில் அந்த மீன் சிக்கும் வாய்ப்பு 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று பாட்டில் எடுத்தால் ஒன்றிலாவது சிக்கும் வாய்ப்பு 66 சதவீதம்தான். எட்டு எடுத்தால் 94. ஏரியில் டிஎன்ஏ சீராகக் கலந்திருக்காது; விரால் கரையோரக் கோரையில் கிடக்கும், ஆரல் சேற்றில் புதையும். படகில் நடு ஏரிக்குப் போய் ஒரே இடத்தில் எட்டு பாட்டில் நிரப்புவதைவிட, கரையைச் சுற்றி எட்டு இடத்தில் எடுப்பது மேல். இனப்பெருக்கக் காலத்தில் அதே மீன் பல மடங்கு டிஎன்ஏ விடும் என்பதால் மாதத்தையும் யோசியுங்கள்.

அப்புறம் கூட்டத்தில் அமுங்கிப்போவது. ஜிலேபியும் கட்லாவும் ரோகுவும் நிறைந்த ஏரியில் ரீடுகளில் பெரும்பகுதியை அவையே எடுத்துக்கொள்ளும். உடனே இன்னும் ஆழமாகச் சீக்வென்ஸ் செய்யலாம் என்று தோன்றும். ஆனால் அரிதான இனத்தின் மூலக்கூறு முதல் பிசிஆரிலேயே பெருகாமல் விட்டுப்போயிருந்தால் எத்தனை கோடி ரீட் எடுத்தாலும் வராது. அந்தப் பணத்தில் ஒரே டிஎன்ஏவிலிருந்து தனித்தனியாக மூன்றுக்குப் பதில் எட்டு பிசிஆர் ஓட்டுங்கள். ஒரே ஒரு இனம்தான் முக்கியம் என்றால் பொதுப் பிரைமரை விட்டுவிட்டு அதற்கென்று ஒரு கியூபிசிஆர் வடிவமைப்பதே புத்திசாலித்தனம்.

திருக்கை, சுறாவைப் பழவேற்காடு போன்ற உப்பங்கழியில் தேடுகிறவர்கள் மைஃபிஷ்ஷின் பொதுப் பிரைமரோடு குருத்தெலும்பு மீன்களுக்கான தனி ஜோடியையும் சேர்க்க வேண்டும். இறால், நண்டு வரவில்லை என்று கேட்பவர்களுக்கு: இந்தப் பிரைமர்களில் வராது, வேறு வேண்டும்.

எட்டுக் குழியில் ஒன்றில் மட்டும், அதுவும் 38-வது சுழற்சியில்

ஒரு இனத்துக்கான கியூபிசிஆரில் இது வரும்போது அறையில் இரண்டு கட்சி உருவாகும். ஒன்று "வந்துவிட்டது" என்னும், மற்றது "வெறும் சத்தம், பொய்ச் சிக்னல், விடு" என்னும். இரண்டுமே அவசரம். மூலக்கூறு எண்ணிக்கை மிகக் குறைவாக இருக்கும்போது ஒரு குழியில் விழுந்து மற்றவற்றில் விழாமல் போவது புள்ளியியல்படி எதிர்பார்க்க வேண்டியதுதான். இங்கிலாந்தில் கொண்டை நியூட் என்ற பாதுகாக்கப்பட்ட நீர்நில வாழ்விக்கு 2014 முதல் அரசு ஏற்கும் இடிஎன்ஏ முறையில் ஒரு குளத்தைச் சுற்றி 20 இடத்தில் தண்ணீர் எடுத்து, ஆறு டியூப்பில் போட்டு, 12 குழியில் ஓட்டுவார்கள். 12-ல் ஒன்று வந்தாலும் அது பாசிட்டிவ்தான்.

ஆனால் அந்த விதி முடிவைப் பார்த்தபின் எழுதியதல்ல. நீங்களும் எத்தனை குழி வந்தால் ஏற்பது என்று ஓட்டுவதற்கு முன்பே எழுதிவையுங்கள். வந்த குழியின் பொருளைச் சாங்கர் சீக்வென்சிங்குக்கு அனுப்புங்கள். அது தேடிய இனம் என்றால் சத்தம் என்ற வாதம் முடிந்தது, மாசு என்ற வாதம் மட்டும் மிச்சம், அதற்குப் பிளாங்க் பதில் சொல்லும். ஸ்டாண்டர்டை நீர்த்துக்கொண்டே போய், எந்த அளவில் 95 சதவீதக் குழிகள் வருகின்றன என்று பார்த்து வைத்திருந்தால் உங்கள் சோதனையின் கண்டறியும் எல்லையும் கையில் இருக்கும். நீர்த்த ஸ்டாண்டர்டுகள் வந்த சுழற்சிகளை வரைந்த ஸ்டாண்டர்ட் கோட்டின் சரிவையும் அப்போதே பாருங்கள், மைனஸ் 3.32 என்பது முழுத் திறன், மைனஸ் 3.1-க்கும் மைனஸ் 3.6-க்கும் இடையில் இருந்தால் போதும்.

ஜெல்லில் பட்டை தவறான இடத்தில்

பெருக்கிய டிஎன்ஏவை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில், நூறு எழுத்துக்குக் கீழே மங்கலாக ஒரு பட்டை என்றால் பிரைமர்கள் தங்களுக்குள் ஒட்டிக்கொண்டவை. டெம்ப்ளேட் குறைவாக இருக்கும்போது வரும்; டிஎன்ஏவைப் பிடிக்கும் காந்த மணிகளால் சுத்தப்படுத்தினால் போகும்.

எதிர்பார்த்ததைவிடச் சற்று மேலே ஒரு பட்டை என்றால் பாக்டீரியா. இது பலரையும் குழப்புகிறது. மீனின் 12எஸ்ஸும் பாக்டீரியாவின் 16எஸ்ஸும் ஒரே தொன்மையான மரபணுவின் இரண்டு வடிவங்கள். மைஃபிஷ் பிரைமர் உட்காரும் இடங்களில் சில எழுத்துகள் பாக்டீரியாவிலும் அப்படியே இருக்கின்றன. மீன் டிஎன்ஏ குறைந்து பாக்டீரியா மலிந்த பச்சைத் தண்ணீரில் அது முந்திக்கொள்ளும். பிரைமர் ஒட்டும் வெப்பநிலையை உயர்த்துங்கள், அல்லது உயர்ந்த வெப்பநிலையில் தொடங்கிப் படிப்படியாக இறங்கும் பிசிஆரைப் பயன்படுத்துங்கள். அப்படியும் இருந்தால் ஜெல்லிலிருந்து சரியான பட்டையை மட்டும் வெட்டி எடுக்கலாம். இதைக் கவனிக்காமல் அனுப்பினால் சீக்வென்சிங் பணத்தில் பாதி பாக்டீரியாவுக்குப் போய்விடும்.

லட்சக்கணக்கில் ரீட் வந்தது, கடைசியில் மிஞ்சியது கொஞ்சம்

கணினிப் பகுதியில் எந்தப் படியில் விழுகிறது என்று படிவாரியாக எண்ணிப் பாருங்கள், மூன்று நிமிட வேலை. டாடா2 மென்பொருளில் கைமெரா (இரண்டு டிஎன்ஏ ஒட்டிப் பிறந்த போலி வரிசை) நீக்கும் படியில் பெரும்பகுதி போனால் பிரைமர் வரிசையை வெட்டாமல் விட்டிருக்கிறீர்கள். இரு முனை ரீடுகளும் இணையவில்லை என்றால் நீளம். 170 எழுத்துத் துண்டை 250 அல்லது 300 நீளத்தில் படித்தால் ரீட் மறுமுனையைத் தாண்டி, சீக்வென்சிங்குக்காக ஒட்டிய அடாப்டருக்குள் போய்விடும். கட்அடாப்ட் மென்பொருளில் இரண்டு முனையிலும் வெட்ட வேண்டும். 150 நீளமே இந்தத் துண்டுக்குப் போதும், விலையும் குறைவு.

பெயர்ப் பட்டியலில் நம் நாட்டிலேயே இல்லாத மீன்

தென்னமெரிக்காவின் பெயரோ, சீனாவின் பெயரோ வந்து நிற்கும். வரிசையைத் தரவுத்தளத்தோடு ஒப்பிடும் பிளாஸ்ட் கருவியின் முதல் வரியை மட்டும் பார்த்துப் பெயர் எழுதினால் இது நடக்கும். முதல் இருபது வரிகளைப் பாருங்கள். 100 சதவீதப் பொருத்தத்தில் நான்கு இனம் சமமாக நின்றால் உங்களால் சொல்ல முடிந்தது பேரினம் மட்டுமே, அதையே எழுதுங்கள். 12எஸ்ஸின் இந்தச் சிறு துண்டு நெருங்கிய இனங்களை எல்லா இடத்திலும் பிரிக்காது. 93 சதவீதத்தில்தான் முதல் பொருத்தம் என்றால் அந்த மீனுக்குப் பதிவே இல்லை, உறவினர் ஒருவரைக் காட்டுகிறது. ஒரே ஒரு பதிவு மட்டும் தனித்து நின்று, அதே இனத்தின் மற்றப் பதிவுகள் தூரத்தில் இருந்தால், பதிவேற்றியவர் மீனைத் தவறாக அடையாளம் கண்டிருக்கலாம்.

இத்தனையும் பார்த்தபின்னும் வெளிநாட்டுப் பெயர் நிற்கிறதா, அப்போது அதைத் தூக்கி எறியாதீர்கள். நம் நீர்நிலைகளில் வெளிநாட்டு மீன்களுக்குப் பஞ்சமே இல்லை. கொசு ஒழிக்க 1928-ல் வந்த கம்பூசியா, 1952-ல் வந்த மொசாம்பிக் ஜிலேபி, தடைசெய்தும் வளர்க்கப்படும் ஆப்பிரிக்கக் கெளுத்தி, தொட்டிக்குப் பெரிதாகிவிட்டதும் ஏரியில் விடப்படும் சக்கர் மீன். சென்னை கொளத்தூர் போல வண்ணமீன் வியாபாரம் பெரிதாக நடக்கும் பகுதிக்குப் பக்கத்து நீர்நிலையில் தென்னமெரிக்கப் பெயர் வருவது பிழை என்று சொல்வதற்கு முன் ஒருமுறை வலை போட்டுப் பார்க்கலாம்.

கலப்பினங்கள் உள்ள இடத்தில் ஒரு எச்சரிக்கை: மைட்டோகாண்ட்ரியா தாய்வழி. குஞ்சுப் பண்ணைக் கலப்பு மீனில் இந்தச் சோதனை தாயின் பெயரை மட்டும்தான் சொல்லும்.

"ஜிலேபி 80 சதவீதம்" என்று எழுதலாமா

ரீடில் 80 சதவீதம் என்று எழுதலாம். ஏரி மீனில் 80 சதவீதம் என்று எழுத முடியாது. பிரைமர் சில இனங்களோடு நன்றாக ஒட்டும், சிலவற்றோடு சுமாராக. ஒரு இனம் அதிகம் உதிர்க்கும், இன்னொன்று குறைவாக. ஒரே இனத்தை ஒரே முறையில் மாதாமாதம் ஒப்பிட்டால் கூடியதா குறைந்ததா என்று ஓரளவு சொல்லலாம். இரண்டு இனங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதுதான் ஆபத்து. அளவு கட்டாயம் வேண்டுமென்றால் தெரிந்த பிரதி எண்ணிக்கையுள்ள செயற்கை டிஎன்ஏவை ஒவ்வொரு மாதிரியிலும் கலந்து ஓட்டி, அதை வைத்து ரீடைப் பிரதியாக மாற்றலாம். அதுவும் தண்ணீரில் இருந்த டிஎன்ஏவின் அளவுதான், மீனின் எண்ணிக்கை அல்ல. மீன்வளத் துறைக்கோ ஊராட்சிக்கோ போகும் அறிக்கையில் சதவீத வட்டப் படத்தைப் போடாமல், எத்தனை இடத்தில் எடுத்ததில் எத்தனை இடத்தில் அந்த இனம் வந்தது என்ற எண்ணைக் கொடுங்கள். பிரித்தெடுத்த டிஎன்ஏவில் பாதியை மைனஸ் 20 அல்லது மைனஸ் 80-ல் வைத்துவிடுங்கள். யாராவது கேள்வி கேட்டால் மறுபடி ஓட்டிக் காட்ட அது வேண்டும்.